பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து: தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதித் தோட்டக்காரரும் தேனீ வளர்ப்பவரும் செய்ய வேண்டியவை

தேனீ வளர்க்கும் எவரும் பெட்டியின் நுழைவாயிலுக்கு முன்னால் ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட வேண்டும். வேலை மிகுந்த காலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம்தான் என்பதால், நலமான குடும்பத்திலும் நாள்தோறும் சில தேனீக்கள் இறந்து விழும். காலையில் துணியில் 100 வரை கிடந்தால் கவலை வேண்டாம். 200 முதல் 400 வரை கிடந்தால் அக்கம்பக்கத்தில் எங்கோ மருந்து தெளிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். 500-ஐத் தாண்டினால் பாதிப்பு நடுத்தரமானது, 1,000-ஐத் தாண்டினால் கடுமையானது. வயலிலேயே விழுந்து மடிந்தவை இந்தக் கணக்கில் வருவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது பெட்டிகள் வைத்திருக்கும் எனக்கு, சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை காலையில், அந்தத் துணியில் வெள்ளையே தெரியவில்லை. குனிந்து பார்த்தபோது, இறந்த தேனீக்களில் பெரும்பாலானவற்றின் நாக்கு வெளியே நீண்டிருந்தது. முதுகில் பூசணிப் பூவின் மஞ்சள் பொடி அப்படியே ஒட்டியிருந்தது. உயிர் மிச்சமிருந்தவை மல்லாந்து விழுந்து, கால்கள் நடுங்க, ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டு நிலம் தள்ளிப் பூசணியும் பட்டர்நட்டும் பயிரிடும் ஒருவர், முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு, பூக்கள் விரிந்திருந்த வேளையில், நாப்சாக்கை முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து தெளித்திருந்தார். அவருடைய பூசணிக்குக் காய் பிடிப்பதில் என் தேனீக்களுக்குப் பங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாது. அவர் வெள்ளிக்கிழமைகளில் மருந்து அடிப்பார் என்பது எனக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என் மேலேயே வந்திருக்க வேண்டிய கோபம். தெளிப்பதற்கு முந்தின மாலை ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் பிழைத்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்த அழைப்பைச் சாத்தியமாக்குவதற்கான ஏற்பாடுகளே.

தாயகத்தில் புரட்டாசி என்றால் ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கம். நமக்கு அது வசந்தம். லிச்சியும் மக்கடேமியாவும் ஆகஸ்ட் முதலே பூத்துக்கொண்டிருக்கும். தரையில் பிளாக்ஜாக் களை வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கும். விரதத்துக்காக வீடு வீடாகக் காய்கறி வாங்குவதால் தோட்டக்காரர் ஒரு காயையும் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க மாட்டார். தேனீக்கள் அதிகமாகப் பறக்கும் வாரங்களும் தெளிப்பான் அதிகமாகத் தோளில் ஏறும் வாரங்களும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

மருந்து என்ற சொல்

நஞ்சை நாம் மருந்து என்கிறோம். இதில் நாம் மட்டும் தனியாக இல்லை. பூச்சிக்கொல்லிகளைப் பதிவு செய்யும் இந்நாட்டின் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டமும் அவற்றை வேளாண் ‘ரெமடி’ என்றே அழைக்கிறது. பெயர் எதுவானாலும், அளவை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. இமிடாகுளோப்ரிட் என்னும் மருந்தை உண்ணும் தேனீக்களில் பாதி இறப்பதற்கு, ஒரு தேனீக்கு ஏறத்தாழ 4 நானோகிராம் போதும். அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் நான்கு பங்கு. தோட்டத்துக்குக் கலக்கும்போது மூடியில் ஒரு துளி கூடினால் என்ன என்று நினைப்பவர் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

மருந்து தேனீயை மூன்று வழிகளில் அடைகிறது. முதலாவது, ஈரத்துளி உடலில் படுவது அல்லது காய்ந்த எச்சத்தின் மேல் தேனீ நடப்பது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்திராய்டுகளின் எச்சம் ஒரு நாளைக்கு மேலும் கொல்லக்கூடியது. இரண்டாவது, தேனீயே நஞ்சைச் சுமந்து வருவது. கார்பரில் போன்றவற்றைத் தூளாகத் தூவும்போதும், மகரந்த மணியின் அளவுள்ள நுண்ணுறைகளில் அடைத்த மருந்துகளைத் தெளிக்கும்போதும், தேனீ அவற்றை மகரந்தத்தோடு சேர்த்து உருட்டிக் கூட்டுக்குக் கொண்டு போய் அறைகளில் சேமித்துவிடுகிறது. தெளித்து மூன்று வாரம் கழித்து, அந்த மகரந்தத்தைத் தின்று புழுக்களுக்கு ஊட்டும் இளம் தேனீக்கள் இறக்கும்போது, யாரும் பழைய தெளிப்பை நினைப்பதில்லை. ஆகவே ஒரே மருந்து பல வடிவங்களில் கிடைத்தால் தூளையும் நுண்ணுறை வடிவத்தையும் தவிர்க்க வேண்டும். நனையும் தூளைவிடக் கரைசல் மேல். மண்ணில் இடும் குருணை, ஊடுருவும் வகையாக இல்லாத பட்சத்தில், அதனினும் மேல்.

மூன்றாவது வழி ஊடுருவிப் பாயும் மருந்துகளுடையது. இமிடாகுளோப்ரிட், தயாமெத்தாக்சம், குளோத்தியானிடின் ஆகிய நியோனிக்கோடினாய்டுகள் வேர் வழியாகவோ விதைப்பூச்சு வழியாகவோ செடிக்குள் ஏறி, பூந்தேனிலும் மகரந்தத்திலும், இளம் மக்காச்சோளப் பயிரின் இலை நுனியில் அதிகாலையில் கசியும் நீர்த்துளியிலும்கூட இறங்குகின்றன. இவை உடனே கொல்லாத அளவிலும் தீங்கு செய்யும். 2012-இல் பிரான்சில், முதுகில் நுண் அடையாளச் சில்லு ஒட்டிய தேனீக்களுக்குச் சிறிதளவு தயாமெத்தாக்சம் கொடுத்து விட்டபோது, அவற்றில் குறிப்பிடத்தக்க பகுதி கூட்டுக்குத் திரும்பும் வழியைத் தவறவிட்டன. பெட்டி வாசலில் பிணம் எதுவும் இல்லாமலே பெட்டி வெறுமையாவது இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் இம்மூன்றுக்கும் 2013-இல் கட்டுப்பாடு விதித்து, 2018-இல் திறந்தவெளிப் பயன்பாட்டையே தடை செய்தது. நம் கடைகளில் இமிடாகுளோப்ரிட் இன்றும் கிடைக்கிறது என்பதால், தேனீக்கள் நாடும் பயிருக்குப் பூப்பதற்கு முந்தைய வாரங்களில் அதை வேரில் ஊற்றாமல் இருப்பது வாங்குபவரின் பொறுப்பாகவே நிற்கிறது.

பூஞ்சாணக்கொல்லியைத் தேனீக்குத் தீங்கற்றது என்று பலர் எண்ணுகிறார்கள். தனியாகத் தெளித்தால் பெரும்பாலும் அது சரியே. ஆனால் புரோபிகோனசோல், புரோகுளோராஸ் முதலியவை தேனீயின் உடலில் நஞ்சை முறிக்கும் நொதிகளை முடக்கிவிடுவதால், அதே தொட்டியில் பைரித்திராய்டையும் கலந்து ஒரே நடையில் அடிப்பது, இரண்டையும் தனித்தனியாக அடிப்பதைவிடப் பன்மடங்கு கொடியதாகிறது. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கச் செய்யும் இந்தக் கலவையைப் பூக்கும் காலத்தில் அறவே விட்டுவிட வேண்டும்.

லேபிளை எப்படிப் படிப்பது

நம் நாட்டுக் கொள்கலனின் அடிப்பகுதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு நிறப்பட்டை இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும் பச்சை மிகக் குறைந்த நஞ்சையும் குறிக்கும். இந்தப் பட்டை சொல்வது மனிதருக்கு உள்ள ஆபத்தை மட்டுமே. தேனீயைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. மனிதருக்கு மிகக் குறைந்த நச்சுத்தன்மை கொண்டதும் மண்ணின் நுண்ணுயிரிலிருந்து எடுக்கப்படுவதுமான ஸ்பைனோசாட், ஈரமாக இருக்கும்வரை தேனீக்கு மிகக் கொடியது. சில மணி நேரத்தில் நன்றாகக் காய்ந்த பிறகே அதன் ஆபத்து பெரிதும் குறைகிறது. ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பட்டப்பகலில் தெளித்தவர்களை நான் அறிவேன்.

ஆகவே பட்டையைப் பார்த்து உங்கள் கையுறையையும் முகமூடியையும் முடிவு செய்யுங்கள். தேனீக்காக, பட்டைக்கு மேலே சிறு எழுத்தில் உள்ள எச்சரிக்கைப் பகுதியைப் படியுங்கள். தேனீக்களுக்கு நஞ்சு, பூக்கும் பயிரில் தெளிக்காதே, தேனீக்கள் மேயும் வேளையில் தெளிக்காதே என்ற பொருளுள்ள வரி இருந்தால் அது அறிவுரை அன்று. லேபிளில் சொன்ன பயிருக்கும் முறைக்கும் மாறாக மருந்தைப் பயன்படுத்துவது அதே 36-ஆம் சட்டத்தின்படி குற்றம். வேறு புட்டியில் மாற்றி ஊற்றி விற்கப்படும் மருந்தில் இந்த வரி இருக்காது; அதை வாங்காமல் இருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

மாற்று இருக்கும் இடத்தில் மாற்றைத் தேடுங்கள். முட்டைக்கோஸ் புழுவுக்கும் தக்காளிக் காய்ப்புழுவுக்கும் பி.டி. எனப்படும் பாக்டீரிய மருந்து போதுமானால், தேனீயைத் தொடாத அதை விட்டுப் பைரித்திராய்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

தெளிக்கும் நேரம்

பூவில்லாத பயிரில், பூவில்லாத தரையில் தெளிப்பதே முதல் விதி. லிச்சி மரத்தில் பூ உதிர்ந்த பிறகு தெளிக்கிறோம் என்று நிம்மதியடைபவர், மரத்தடியில் பூத்து நிற்கும் பிளாக்ஜாக்கை மறந்துவிடுகிறார். முந்தின நாளே அதை அறுத்துவிட வேண்டும். மக்கடேமியாவில் நாற்றப்பூச்சிக்காகப் பைரித்திராய்டு அடிப்பவருக்கும் இதே விதிதான்.

பூத்தே தீரும் பயிருக்கு நேரம் பார்க்க வேண்டும். பூசணி, பட்டர்நட், வெள்ளரி ஆகியவற்றின் பூக்கள் விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடிச் சுருங்கத் தொடங்கும் என்பதால், மாலையில், தேனீ வரத்து முழுவதும் நின்ற பிறகு தெளிப்பது எளிது. பாகற்காய்க்கும் பெரும்பாலும் அப்படியே. பீர்க்கங்காய்க்கு இந்த விதி பொருந்தாது. அதன் பூ மாலையில் விரிவது. கத்தரிக்குத் தேனீயால் பெரிய பயன் இல்லை. அதன் பூவை உலுக்கி மகரந்தத்தை உதிர்ப்பது கருந்தச்சன் வண்டு என்று நாம் அழைக்கும் பெரிய கருந்தேனீ. ஆனால் அதுவும் அதே மருந்துக்குச் சாகும் என்பதால், கத்தரிப் பாத்திக்கும் மாலையே நல்லது.

மாலை என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. காற்றே அசையாத அந்தியில், தரை குளிர்ந்து மேலே வெப்பக் காற்று மூடியிருக்கும்போது, நுண்துளிகள் கீழே விழாமல் புகைபோல் பள்ளத்தாக்கு வழியே நகர்ந்து அடுத்தவர் நிலத்துக்குப் போகும். அடுப்புப் புகை மேலே எழாமல் கிடைமட்டமாகப் படர்ந்தால் அன்று தெளிக்கக்கூடாது. இலை மட்டும் அசையும் மெல்லிய காற்று, பெட்டிகள் இருக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக வீசுவதே தகுந்த வேளை. கனத்த பனி விழும் என்று தெரிந்தாலும் தள்ளிவைப்பது நல்லது. காய்ந்த எச்சம் பனியில் மறுபடி நனைந்து, காலையில் புதிதாகத் தெளித்தது போலாகிவிடும். நாப்சாக்கின் மூக்கைப் பெருந்துளி விழும்படி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்தாலே இழுபடும் துளிகள் பெருமளவு குறையும்.

அக்கம்பக்கத்தாரிடம் பேசுவது

தேனீ சாதாரணமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் வரை மேயப் போகும். பூ அரிதானால் அதற்கு மேலும் போகும். மூன்று கிலோமீட்டர் என்று வைத்தாலும் பெட்டியைச் சுற்றி ஏறத்தாழ 2,800 ஹெக்டேர் நிலம் உங்கள் தேனீக்களின் மேய்ச்சலாகிறது. அத்தனை பேரிடமும் பேச முடியாது. நான் செய்தது இதுதான்: ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் பூக்கும் பயிர் வைத்திருப்பவர்களை மட்டும் குறித்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். கரும்பு மட்டும் வைத்திருப்பவரை முதலில் விட்டுவிட்டேன். வெட்டிய கரும்பின் நுனியிலும், எரித்த கரும்பில் வழியும் சாற்றிலும் தேனீக்கள் மொய்ப்பதைப் பார்த்த பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

குறைசொல்லும் முகத்தோடு போகாமல் ஒரு போத்தல் தேனோடு போங்கள். உங்கள் பூசணிக்கு இந்தப் பெட்டிகள் என்ன செய்கின்றன என்பதைச் சொல்லுங்கள். அவர் தொலைபேசி எண்ணை வாங்குவதைவிட உங்கள் எண்ணை அவர் மருந்து அலமாரியின் கதவில் ஒட்டிவிட்டு வருவது முக்கியம். அன்று மருந்து அடித்த அந்தப் பூசணிக்காரர் இப்போது எனக்கு அனுப்பும் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ‘அண்ணா, நாளைக்கு சாயந்திரம் அஞ்சரைக்கு மேல அடிக்கப் போறேன். பெட்டியப் பாத்துக்கோங்க.’ மருந்தின் பெயர், தெளிக்கும் இடம், நேரம் மூன்றும் தெரிந்தால் போதும். பெட்டி வைப்பவரும் தம் கடமையைச் செய்திருக்க வேண்டும்: வேளாண்மைத் துறையில் பதிவு செய்து, பதிவெண்ணைப் பெட்டியில் தெரியும்படி எழுதியிருந்தால்தான், மறைந்திருக்கும் பெட்டியை யாரும் அறியவில்லை என்ற பதிலுக்கு இடமிருக்காது.

தெளிக்கும் நாள் இரவு

நம் தேனீ ஸ்கூட்டெல்லாட்டா இனம்; எளிதில் சினம் கொள்வது, எளிதில் கூட்டைக் கைவிட்டு ஓடுவது. பெட்டியை அடைத்து வைப்பது பற்றி ஐரோப்பியத் தேனீக்காக எழுதப்பட்ட குறிப்புகளை இதற்கு அப்படியே பின்பற்றினால், மருந்துக்குத் தப்பியவை மூச்சுத்திணறிச் சாகும். இருட்டி, எல்லாத் தேனீயும் உள்ளே வந்த பிறகு, முகவலை அணிந்து, இலேசாகப் புகை காட்டி, நுழைவாயிலைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும், மரக்கட்டையால் அடைக்கக்கூடாது. மேல்மூடிக்குக் கீழே காற்றுப்போக வலைச்சட்டம் இருக்க வேண்டும். நிழலில் வைத்து, நனைத்த கோணிச் சாக்கைப் பெட்டியின் மேல் போட்டு, உலர உலர நீர் தெளிக்க வேண்டும். வலுவான குடும்பத்தை வெயில் ஏறிய பிறகும் பூட்டி வைப்பதை நான் விரும்புவதில்லை. மாலையில் தெளித்த மருந்து காய்ந்து காலை ஒன்பது மணிக்குள் திறந்துவிட முடியும் என்றால் அடையுங்கள். எச்சம் ஒரு நாளுக்கு மேல் நிற்கும் மருந்தானால், அதே இரவில் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நண்பர் ஒருவர் இடத்துக்குப் பெட்டியை நகர்த்திவிடுங்கள்.

பெட்டிக்கு அருகில் மிதக்கும் குச்சிகள் போட்ட நீர்த்தொட்டி எப்போதும் இருக்கட்டும். வயல் வாய்க்காலிலும், தெளிப்பான் கழுவிய குட்டையிலும் தேனீ நீர் குடிப்பது அதனால் குறையும்.

எறும்புக்கு வைக்கும் இனிப்பு நஞ்சும் இந்தக் கணக்கில் சேரும். 2018 நவம்பரில் கேப் டவுனை அடுத்த திராட்சைத் தோட்டப் பகுதியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தேனீக்கள் மடிந்தபோது, ஐயம் விழுந்தது ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லியின் மேல். எறும்புக்காக அதை வெல்லப்பாகில் கலந்து வைத்ததே காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. வீட்டுத் தோட்டத்தில் எறும்புப் பொறி வைப்பவர், எறும்பு மட்டும் நுழையும் துளையுள்ள மூடிய டப்பாவையே பயன்படுத்த வேண்டும்.

தேனீக்கள் இறந்துவிட்டால்

முதலில் படம் எடுங்கள். தேதியும் நேரமும் பதிவாகட்டும். பிறகு 200 முதல் 300 வரை புதிதாக இறந்த தேனீக்களைப் பொறுக்கி, காகிதத்தில் சுற்றி, மேலே தேதியும் இடமும் எழுதி, அன்றே உறைபெட்டியில் வையுங்கள். வெயிலில் ஒரு நாள் கிடந்த தேனீயில் மருந்தின் தடம் சிதைந்துவிடும். இரண்டு பங்காக எடுத்து ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். தெளித்தவர் யார் என்று தெரிந்தால், சண்டையைத் தொடங்குவதற்கு முன் மருந்தின் பெயரையும் லேபிளில் உள்ள பதிவெண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் பிறகு அது கிடைக்காது. முறையீடு செய்வதானால் மாகாண வேளாண்மைத் துறைக்கும், 36-ஆம் சட்டத்தின் பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுதலாம்.

இராணி உயிரோடிருந்து, முட்டையும் தெரிந்தால் குடும்பத்தை மீட்கலாம். மேயும் தேனீக்களே முதலில் இறப்பதால், உள்ளே இருக்கும் புழுக்களுக்கு உணவும் சூடும் போதாமல் போகும். சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகை மாலையில் உள்ளே வைத்து ஊட்டி, நுழைவாயிலை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கி, காலியான அடைகளை எடுத்துவிட்டு மிஞ்சியவற்றை நெருக்கி வையுங்கள். பாகை வெளியே சிந்தினால் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

வலுவிழந்த இரண்டு குடும்பங்களை ஒன்றாக்கும் ஆசை வரும். அவசரப்படாதீர்கள். 1990-இல் மேற்குக் கேப்பின் கேப்பென்சிஸ் தேனீக்களை வடக்கே கொண்டு போனபோது, அவற்றின் வேலைக்காரத் தேனீக்கள் ஆண் துணையின்றியே பெண் முட்டையிட்டு, ஸ்கூட்டெல்லாட்டாக் குடும்பங்களை உள்ளிருந்தே அழித்தன. அந்த ஆபத்து இன்னும் தீரவில்லை. இராணி இழந்து சோர்ந்த பெட்டிதான் அவற்றுக்கு வசதியான வாசல். ஓர் அறையில் பல முட்டைகளும், வழக்கத்தைவிடக் கறுத்துப் பளபளக்கும் வேலைக்காரத் தேனீக்களும் தெரிந்தால், அந்தக் குடும்பத்தை எதனோடும் சேர்க்கக்கூடாது. புழு அழுகி நூலாக இழுபட்டால் அது நஞ்சால் வந்ததன்று, நோய்; அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

தூள் மருந்தோ ஊடுருவும் மருந்தோ காரணமென்று ஐயம் இருந்தால், அந்த வாரத்தில் சேர்ந்த மகரந்த அடைகளை வெட்டி எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பொருளின் மேல் உள்ள பற்றால் நான் ஒருமுறை இரண்டு சட்டங்களை வைத்துக்கொண்டேன், அடுத்த மாதம் அவற்றை வைத்த பெட்டியிலும் துணி கறுத்தது. குடும்பமே போய்விட்ட பெட்டியில் நோயின் அடையாளம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சட்டங்களை நீக்கி, சோடா உப்பு கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு வாரம் வெயிலில் வைத்துப் புது மெழுகுத் தாள் பொருத்தி, அடுத்த வசந்தத்தில் கூட்டம் பிடிக்கும் பெட்டியாக மரக்கிளையில் ஏற்றலாம். ஆனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ளவர்களின் எண்கள் கையில் வந்த பிறகு ஏற்றுங்கள்.